குளத்துக்கு வந்த களை

முதலில் ஒரு சிறு திருத்தம். உங்கள் எழுத்தர் என் வாக்குமூலத்தின் முதல் வரியிலேயே ‘குலம்’ என்று எழுதியிருக்கிறார். அது குளம். ‘நான் தினமும் குலத்தைச் சுத்தம் செய்வேன்’ என்று படிக்கிறவர் என்னைப் பற்றி என்ன நினைப்பார்? அவரைக் குறை சொல்லவில்லை. பக்கம் பக்கமாக எழுதுகிற கைக்கு ல, ள தடுமாறுவது சகஜம்தான். அந்தத் தடுமாற்றத்தைப் பிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். பாடப்புத்தகம் அச்சடிக்கும் அச்சகத்தில் ஓய்வு பெறும்வரை புரூஃப் பார்த்தவன் நான். நான் பார்த்து அனுப்பிய பக்கத்தில் பிழை இருக்கிறது என்று யாரும் என் மேஜைமுன் வந்து நின்றதில்லை.

உட்கார நாற்காலி போட்டீர்கள், குடிக்கத் தண்ணீர் கொடுத்தீர்கள், மின்விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டீர்கள். மரியாதை தெரிந்தவர்களிடம் மழுப்புவது என் வழக்கம் இல்லை. பக்கத்து வீட்டுத் தையல்காரர் எப்படிச் செத்தார் என்று கேட்டீர்கள், சொல்கிறேன். நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்கிறேன். ஆனால் கடைசியில் இந்த ஆள் தலையில் அடித்துக்கொண்டு அழப்போகிறான் என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தால், அந்த எண்ணத்தை இப்போதே விட்டுவிடுங்கள்.

எங்கள் வரிசை வீடுகளுக்கெல்லாம் பின்னால் பொதுவாக ஒரு தோட்டம் உண்டு. அதன் கோடியில் அந்தக் குளம். குளம் என்றதும் பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். இந்த அறையைப்போல் நாலைந்து அறைகளைச் சேர்த்துப் போட்டால் எவ்வளவோ அவ்வளவு. நடுவில் கழுத்தளவு தண்ணீர், அதற்கடியில் முழங்கால் புதையும் சேறு. நாங்கள் குடிவந்தபோது உடைந்த பாட்டிலும் சைக்கிள் டயருமாகக் கிடந்த பள்ளம் அது. நான்தான் தூர் வாரினேன், கரைக்குக் கல் பதித்தேன், அல்லி வைத்தேன், மீன் விட்டேன். நடுவில் நின்று வேலை செய்ய வசதியாக ஒரு கல்மேடை கட்டி, கரையிலிருந்து அதற்கு ஒரு பலகை போட்டேன். காலையில் எழுந்ததும் முகம்கூடக் கழுவாமல் நேரே அங்கேதான் போவேன். என் மனைவி அக்கம்பக்கத்துப் பெண்களிடம், "அவருக்குக் குளந்தான் மூத்த சம்சாரம், நான் ரெண்டாவதா வந்தவ" என்பாள். அவர்கள் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். இல்லாததையா சொல்லிவிட்டாள்?

ஒருநாள் காலை, அல்லி இலைகளுக்கு நடுவே பளபளவென்று புதிதாக ஏதோ மிதந்தது. காம்பு உப்பிய செடி, ஊதாப் பூ. ஆகாயத் தாமரை என்பார்கள். அது ஆகாயத்திலும் இல்லை, தாமரையும் இல்லை. ஒரே பெயரில் இரண்டு பிழை. வெங்காயத் தாமரை என்றும் ஒரு பெயர் உண்டு. காம்பு வெங்காயம் மாதிரி இருப்பதால் அதில் பாதியாவது உண்மை. பார்க்க லட்சணமாக இருக்கும், அதில்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். தாய்ச்செடி பக்கவாட்டில் ஒரு தண்டை நீட்டும். அதன் நுனியில் ஒரு பிள்ளைச்செடி, அந்தப் பிள்ளைக்கு ஒரு பிள்ளை. அசந்தால் தண்ணீர் முழுக்கப் பச்சைப் பாய் விரித்துவிடும். பாய்க்குக் கீழே வெளிச்சமும் இல்லை, காற்றும் இல்லை. என் மீன்களெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு ஓரத்தில் வந்து ஒதுங்கின. அல்லி கிழங்கோடு அழுகிப்போனது. அன்றைக்கு நான் கரையில் உட்கார்ந்து அழுதேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், அழத் தெரியாத ஆள் இல்லை நான்.

அதை எடுக்க ஒரு முறை இருக்கிறது. ஆத்திரத்தில் அரிவாளைப் போட்டால் தீர்ந்தது கதை. சிதறிய துண்டு ஒவ்வொன்றும் தனிக்குடித்தனம் தொடங்கிவிடும். நீளக் கழியின் நுனியில் இரும்புப் பல் வைத்த வாருகோலைக் கட்டி, அடியில் கொடுத்து, தாயும் பிள்ளையுமாக ஒரே இழுப்பில் இழுக்க வேண்டும். கரையோரம் குவிக்கக் கூடாது, ஒரு மழை போதும், எல்லாம் திரும்பத் தண்ணீருக்குள் போய்விடும். தள்ளிக் கொண்டுபோய், வேர் மேலே பார்க்கும்படி கவிழ்த்துப் போட்டுக் காயவிட வேண்டும். இவ்வளவு செய்தாலும் சேற்றில் விதை காத்துக்கொண்டிருக்கும். முடிந்தது என்ற பேச்சுக்கே இடமில்லை. ஓய்வு பெற்றபின் கடைப் பலகைகளில் உள்ள எழுத்துப்பிழைகளைச் சொல்லி ஊர்ப் பகையைச் சம்பாதித்துக்கொண்டிருந்தவனுக்கு, மறுபடி வேலைக்குச் சேர்ந்த மாதிரிதான் இருந்தது.

ஆனால் நான் எடுக்க எடுக்க அது வளர்ந்தது. குடியிருப்போர் சங்கத் தலைவர் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து பார்த்தார். அவர் பல் டாக்டர். கொசு மொய்க்கிறது, நாற்றம் தாங்கவில்லை என்று எல்லோரும் புகார் சொல்கிறார்களாம். மழைக்காலத்துக்குள் குளம் சுத்தமாகவில்லை என்றால் மண்ணைக் கொட்டி மூடிவிட்டு வண்டி நிறுத்தும் இடமாக்கிவிடப் போவதாகச் சொன்னார். ஏதோ சொத்தைப் பல்லை அடைக்கிறவர்போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். நான் அவர் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். யாரிடமும் கெஞ்சிப் பழக்கமில்லாத நான் கெஞ்சினேன். மழை வரட்டும், பார்க்கலாம் என்று கையை விடுவித்துக்கொண்டு போய்விட்டார்.

அதிலிருந்து எனக்கு ஒரே கேள்விதான். இதைக் கொண்டுவந்து போட்டது யார்? சுற்றிலும் சுவர் உள்ள தோட்டத்துக்குள் ஒரு செடி தானாக நடந்து வராது. அச்சில் ஒரு பிழை வந்தால் எழுதினவர் செய்திருப்பார், இல்லையென்றால் அச்சுக் கோத்தவர் செய்திருப்பார். ஆள் இல்லாத பிழை என்று ஒன்றை நான் பார்த்ததே கிடையாது. குளத்தை ஒட்டிப் பின்கதவு உள்ளவை இரண்டே வீடு. ஒன்று எங்கள் வீடு, இன்னொன்று தையல்காரர் வீடு. எங்கள் வீட்டில் இருப்பது நானும் அவளும். நான் போடவில்லை.

தையல்காரர் செடி முளைப்பதற்குக் கொஞ்சம் முன்னால்தான் அந்த வீட்டுக்கு வந்தார். தொழிலை விட்டுவிட்டவர்தான், ஆனால் தையல் இயந்திரத்தை விடவில்லை. பின்பக்க ஜன்னலோரம் அதைப் போட்டுக்கொண்டு, குளத்தைப் பார்த்தபடி எதையாவது தைத்துக்கொண்டே இருப்பார். வந்த புதிதிலேயே என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "உங்க வலது தோளு ஒரு நூல் இறங்கியிருக்கு சார், மேஜையில சாஞ்சே எழுதியிருப்பீங்க" என்றார். கேட்காமலே ஒரு சட்டை தைத்துக் கொடுத்தார். போட்டால் இரண்டு தோளும் சமமாகத் தெரியும். நல்ல சட்டை. அவருடைய தொழிலில் நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் மற்றதைப் பாருங்கள். செடி முதலில் அடர்ந்தது அவர் வீட்டுப் பக்கம். எல்லோரும் அதைத் திட்டிக்கொண்டிருந்தபோது, அவர் மட்டும் ஒரு பூங்கொத்தை ஒடித்துப் பாட்டிலில் போட்டு இயந்திரத்தின்மேல் வைத்திருந்தார். நான் வியர்வை சொட்ட இழுத்துக்கொண்டிருப்பேன், அவர் ஜன்னலில் நின்று, "பாவம் சார், பூவோட இருக்கிறதை மட்டுமாவது விட்டுடுங்களேன்" என்பார். திருடு போன வீட்டில் நின்றுகொண்டு திருடனுக்குச் சிபாரிசு செய்வதற்கு என்ன பெயர் வைப்பீர்கள்? இதையெல்லாம் என் மனைவியிடம் ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னேன். அவள் சட்டை செய்யவில்லை. காற்று அந்தப் பக்கம் அடிக்கிறது, அதனால் செடி அங்கே போய் ஒதுங்குகிறது, அந்த மனிதரை ஏன் கரித்துக்கொட்டுகிறீர்கள் என்றாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, "மனுஷங்க பேசுறதுக்கெல்லாம் புரூஃப் பாக்காதீங்க" என்றாள். அன்றைக்கு அவள் குரல் ஒரு மாதிரியாக இருந்தது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்தக் காலைக்கு வருகிறேன். மேகம் கூடத் தொடங்கியிருந்தது. மழை எப்போது வேண்டுமானாலும் வரும், நடுக்குளம் இன்னும் பச்சையாகவே கிடக்கிறது. நான் பரபரத்துக்கொண்டிருந்தேன். தையல்காரர் தானாகத்தான் வந்தார், நான் கூப்பிடவில்லை. கையில் ஒரு பெரிய வலைப் பை. பழைய கொசுவலையை வெட்டி, வாய்க்கு இரட்டைத் தையல் போட்டு அவரே செய்தது. செடியை இதில் அள்ளினால் தண்ணீர் வடிந்துவிடும், தூக்கிப்போகச் சுலபம் என்றார். நல்ல யோசனைதான். மனசாட்சி உறுத்துகிறவன் இப்படித்தான் கூடமாட வந்து நிற்பான் என்று எனக்குத் தோன்றியது.

கல்மேடைக்குப் போய் நின்றால் இரண்டு பேராக வேலை சீக்கிரம் முடியும் என்று நான் சொன்னேன். அவர் பலகையைப் பார்த்தார். "எனக்கு நீச்சல் தெரியாது சார். தொட்டித் தண்ணிக்கே பயந்தவன்" என்று சிரித்தார். பயப்பட ஒன்றுமில்லை, இந்த முனையை நான் மிதித்துக்கொண்டு நிற்கிறேன் என்றேன். மிதித்துக்கொண்டுதான் நின்றேன். அவர் குழந்தைபோல் அடிமேல் அடி வைத்துப் பாதிப் பலகை போனார். அங்கேயே குனிந்து கைக்கு எட்டியதை அள்ளிப் பையில் போடத் தொடங்கினார். வேர் அறாமல், தாயும் பிள்ளையுமாக, நான் செய்வதைப் பார்த்துப் பழகியவர்போல ஒழுங்காக எடுத்தார். மேகம் கொஞ்சம் விலகி வெயில் அடித்தது. குளம் முழுவதும் ஊதாவாகப் பூத்துக் கிடந்தது. அவர் நிமிர்ந்து இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்.

"நீங்க திட்டுனாலும் திட்டுங்க சார். இது வந்தப்புறந்தான் குளத்துக்கே ஒரு களை வந்திருக்கு."

உங்கள் எழுத்தர் இங்கே ‘கலை’ என்று எழுதப் போகிறார், பார்த்துக்கொள்ளுங்கள். களை. பயிருக்கு நடுவே முளைக்கும் வேண்டாத செடியும் களைதான், மணப்பெண் முகத்தில் தெரியும் பொலிவும் களைதான். அகராதியில் ஒன்றன்கீழ் ஒன்றாகவே இருக்கும். எந்த இடத்தில் எந்தப் பொருள் என்பதைச் சுற்றியுள்ள சொற்கள்தான் முடிவு செய்யும். கையில் களை, காலடியில் களை, தோளில் தொங்கும் பையில் களை, அப்படி நிற்கிற ஒருவர் ‘களை வந்திருக்கு’ என்றால் நீங்கள் எந்தப் பொருளை எடுத்துக்கொள்வீர்கள்? வந்தது எப்போது என்பது வரவழைத்தவருக்குத்தான் தெரியும். என் காதில் அது ஒப்புதலாகத்தான் விழுந்தது. சிரித்துக்கொண்டே சொன்ன ஒப்புதல். என் மீனெல்லாம் செத்த இடத்தில் நின்றுகொண்டு, என்னிடமே சொன்ன ஒப்புதல்.

நான் காலை எடுத்தேன். பலகையின் முனையைத் தூக்கி ஒருபக்கமாகச் சாய்த்தேன். பெரிய சத்தமெல்லாம் வரவில்லை. செடி விலகி இடம் கொடுத்தது, அவர் போனதும் சேர்ந்துகொண்டது. ஒருமுறை மேலே வந்தார். என் கையில் கழி இருந்தது. வெங்காயத் தாமரையை நீங்கள் எவ்வளவு அமுக்கினாலும் விட்டதும் மிதந்து வந்துவிடும். மனிதர்கள் அப்படி இல்லை.

ஏன் உடனே யாரையும் கூப்பிடவில்லை என்று போன முறை கேட்டீர்கள். வேலை பாதியில் கிடந்தது. அந்த மூலையை முடித்தேன், எடுத்ததையெல்லாம் தள்ளிக் கொண்டுபோய் வேர் மேலே பார்க்கக் கவிழ்த்துப் போட்டேன், கழியைக் கழுவிச் சுவரில் சாய்த்தேன். உள்ளே போனபோது என் மனைவி இரண்டு தம்ளரில் டீ வைத்திருந்தாள். தையல்காரர் எங்கே, அவருக்கும் சேர்த்துப் போட்டிருக்கிறேன் என்றாள். போய்விட்டார் என்றேன். ஆறிப்போகுமே என்று அதையும் நானே குடித்தேன். அவர் தைத்த சட்டைதான் போட்டிருந்தேன், அதன் கையில் கொஞ்சம் சேறு பட்டிருந்தது. அவள் சோப்புப் போட்டுத் துவைத்துக் காயப்போட்டாள்.

மறைத்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். அவருடைய சம்சாரம் தெருத் தெருவாகத் தேடிக்கொண்டு அலைந்தபோது, குளத்தில் பாருங்கள் என்று சொன்னதே நான்தான். மறைப்பதாக இருந்தால் அந்தப் பச்சைப் பாய் ஒன்று போதாதா? அந்த அம்மாள் என்னைக் கும்பிட்டுவிட்டு ஓடினார். அப்போது அவருக்கு விஷயம் தெரியாது. அந்தக் கும்பிடு எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அதற்காக நான் செய்தது தப்பாகிவிடாது. ஒரு களையைக் கொண்டுவருகிறவன் எத்தனை உயிரைக் கொல்கிறான் என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. அவனைக் கொன்றவனை மட்டும் நாற்காலி போட்டு உட்காரவைத்து விசாரிக்கிறீர்கள்.

நேற்று என் மனைவியை உள்ளே விட்டீர்கள். போன முறை நான் சொன்னதையெல்லாம் அவளிடம் சொல்லித்தான் அனுப்பியிருந்தீர்கள். அவள் வந்து எதிரே உட்கார்ந்தாள். பிறகு, "நாந்தாங்க போட்டேன்" என்றாள். அவளுடைய தங்கை வீட்டுத் தொட்டியிலிருந்து எடுத்துவந்தாளாம். நான் ஒருநாள் சாயங்காலம் குளக்கரைப் பெஞ்சில் அவளோடு உட்கார்ந்து, எல்லாம் செய்தும் குளத்தில் ஒரு களை இல்லையே என்று குறைப்பட்டுக்கொண்டேனாம். பூ பூத்தால் சந்தோஷப்படுவேன் என்று ஒரு செடியை மிதக்கவிட்டாளாம். "அப்புறம் நீங்க குதிச்ச குதியில எனக்கு வாயே வரலை. அந்த மனுஷனும் நீங்க சொன்ன அர்த்தத்துலதாங்க சொல்லியிருப்பாரு" என்றாள். அவள் அழவில்லை. போகும்போது என்னைத் தொடவும் இல்லை.

நீங்கள் கதவோரம் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் இடிந்துபோய்விடுவேன் என்று நினைத்தீர்கள். இப்போது நான் ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். அது எனக்குப் புதுச் செய்தி இல்லை. செடியை முதன்முதலில் பார்த்த அன்றைக்கே, அடுப்படிக் குழாயில் ஒரு பிளாஸ்டிக் பை காயப்போட்டிருந்தது. அதன் உள்ளே கறுப்பாக முடிபோல ஒரு வேர் ஒட்டிக்கொண்டிருந்தது. நான் வேரை உதறிவிட்டுப் பையை மடித்து வைத்தேன். பேசாமல் வெளியே வந்துவிட்டேன்.

வேறு என்ன செய்யச் சொல்கிறீர்கள்? அவளைக் கேட்டிருக்க வேண்டும் என்கிறீர்களா? கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். பொய் சொல்லத் தெரியாதவள். சொல்லிவிட்டாளானால், அந்த மீன்கள் செத்ததற்கெல்லாம் அவள்தான் என்று தெரிந்துகொண்டு, அவளோடு எப்படி ஒரே பெஞ்சில் உட்காருவேன், எப்படி ஒரே வீட்டில் படுப்பேன்? தலைமுடி கறுப்பாக இருந்த காலத்திலிருந்து கூட இருக்கிறவள். அவளை வெறுக்க என்னால் ஆகாது. போட்டது யாராவது ஒருவராக இருக்க வேண்டும், அது அவளாக இருக்கக் கூடாது. பக்கத்து வீட்டில் தையல்காரர் இருந்தார். இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது?

கடைசியாக ஒன்று கேட்கிறீர்கள். மேலே வந்தபோது அவர் ஏதாவது பேசினாரா என்று. பேசினார். தலை முழுக்க வேர் சுற்றியிருந்தது. வாருகோலின் பற்களை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார், தூக்கிவிடத்தான் நீட்டியிருக்கிறேன் என்று நினைத்துவிட்டார்போல. கத்தவில்லை. முகத்தில் கோபமும் இல்லை. மூச்சு வாங்கிக்கொண்டு, "நான் என்ன சார் தப்பாச் சொல்லிட்டேன்?" என்று கேட்டார்.

அவர் சொன்ன வாக்கியத்தை நான் மனசுக்குள் ஒருமுறை முழுக்கப் படித்துப் பார்த்தேன். அதில் எழுத்துப்பிழை இல்லை, சொற்பிழை இல்லை, பொருட்பிழையும் இல்லை. பூ அழகாக இருக்கிறது என்று சொல்லியிருந்தார், அவ்வளவுதான். தப்பு ஒன்றும் இல்லை என்று அவரிடம் சொன்னேன். சொல்லிவிட்டுக் கழியை அழுத்தினேன்.